எழுதிக் கொடுத்தால் பணம்

ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். காலேஜ் செலவுக்குப் பணம் தயார் என்றார்கள்.

வருடம் 1850. அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், மான்சன் என்கிற சின்ன ஊர். எதிரே நின்றவன் ஒரு சீனத்துப் பையன். பெயர் யுங் விங். வயது இருபத்தொன்று. கையில் பைசா கிடையாது. ஊரில் விதவைத் தாய். ஆனால் ஆசை மட்டும் பெரிசு. யேல் காலேஜில் படிக்கவேண்டும். அதுவரை ஒரு சீனன்கூட அங்கே பட்டம் வாங்கியதில்லை.

எழுதிக் கொடுக்கச் சொன்னது இதைத்தான்: படித்து முடித்ததும் பாதிரியார் ஆவேன், சீனாவுக்குத் திரும்பிப் போய் மதப் பிரசாரம் செய்வேன்.

முடியாது என்று சொல்லிவிட்டான்.

நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்? முதலில் கையெழுத்தைப் போடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே வீட்டில் சொல்லியிருப்பார்கள்? இத்தனைக்கும் யுங் விங் கிறிஸ்தவனாகத்தான் இருந்தான். மதம் பிரச்னையில்லை. நாளைக்கு என் நாட்டுக்கு எது உபயோகமோ அதைச் செய்வேன், அது பாதிரியார் வேலையாகத்தான் இருக்கவேண்டும் என்று இப்போதே எப்படிச் சொல்வது? இதுதான் அவன் கட்சி.

மக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் 1828-ல் பிறந்தவன். பன்னிரண்டு வயது முடிவதற்குள் அப்பா போய்விட்டார். மிட்டாய் விற்றான். அறுவடையான வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கினான். அச்சகத்தில் தாள் மடித்தான். பிறகு மிஷனரிப் பள்ளிக்கூடம். அங்கே ஆசிரியராக இருந்த சாமுவேல் ராபின்ஸ் பிரவுன் உடம்புக்கு முடியாமல் அமெரிக்கா திரும்பவேண்டி வந்தபோது, என்னோடு யார் வருகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டார். எல்லோரும் பேசாமல் இருக்க, முதலில் எழுந்து நின்றவன் யுங் விங். மொத்தம் மூன்று பேர் கிளம்பினார்கள். தேயிலை ஏற்றிக்கொண்டு போன கப்பலில் இலவசப் பயணம். 1847 ஜனவரியில் புறப்பட்டு, 98 நாள் கழித்து நியூயார்க்.

ஹாங்காங்கில் இருந்த சில கனவான்கள் இரண்டு வருடச் செலவை ஏற்றிருந்தார்கள். அது முடிந்தபிறகுதான் மேலே சொன்ன சிக்கல்.

நான் பி.காம் படித்தவன். எந்தச் சரித்திரத்தைப் புரட்டினாலும் பணம் யார் கொடுத்தது, பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்று பார்க்கத்தான் கை போகும். இந்தக் கதையில் பணம் கொடுத்தது யார் தெரியுமா? தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில், சவன்னா நகரத்து மாதர் சங்கம். பிரவுன் தன் சகோதரியைப் பார்க்க அந்தப் பக்கம் போனவர், அப்படியே இந்தப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எதையும் எழுதித் தரச் சொல்லவில்லை. (அன்றைக்கு அடிமை முறை கொடிகட்டிப் பறந்த ஊர் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரித்திரத்தில் பணம் எப்போதும் சுத்தமான கையிலிருந்து வருவதில்லை.)

யேல் என்ற பெயரே சென்னைச் சரக்கில் வந்ததுதான். எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் நடத்திப் பெரும் பணம் சேர்த்து, அந்தப் புகாரிலேயே பதவியையும் இழந்தவர். 1718-ல் கனெக்டிகட்டில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் மன்னரின் படமும் அனுப்பிவைத்தார். மூட்டைகளை விற்றதில் 562 பவுண்ட் தேறியது. கல்லூரிக்கு அவர் பெயர். இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய விளம்பரம் உலகத்தில் வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா, தெரியவில்லை.

போகட்டும். யுங் விங் எழுதியது நுழைவுத் தேர்வு. லத்தீன், கிரேக்கம், கணக்கு. இன்றைக்குப் போல "உன்னைப் பற்றி 650 வார்த்தையில் எழுது" என்றெல்லாம் அன்று கிடையாது. எப்படியோ தேறிவிட்டான். உள்ளே போனபிறகு கணக்கு காலை வாரியது. ஆனால் இரண்டாம் வருடத்தில் இங்கிலீஷ் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினான். அதுவும் இரண்டு முறை! சக மாணவர்களின் மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்கிப்போட்டு, பந்தி பரிமாறி, தன் சாப்பாட்டுச் செலவைச் சரிக்கட்டினான். 1852-ல் அமெரிக்கக் குடியுரிமை. 1854-ல் பட்டம்.

இன்றைக்கு யேலுக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் இல்லை. ஒரு வருடச் செலவு 90 ஆயிரம் டாலருக்கு மேல். உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கிறான் என்று வையுங்கள். மார்க், கட்டுரை, சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றையும் தாண்டி ஒரு கேள்வி வரும்: பண உதவி தேவையா? யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பதிலைப் பார்க்கமாட்டார்கள். உள்ளூர்ப் பையனானாலும் வெளிநாட்டுப் பையனானாலும் ஒரே விதி. மற்றப் பெரும்பாலான இடங்களில், வெளிநாட்டுப் பிள்ளை 'ஆம்' என்று டிக் அடித்தால் அதுவும் கணக்கில் சேரும். சேர்க்கும் வாய்ப்பு குறையும். இதை ஒளிக்காமல் அவர்களே சொல்கிறார்கள். ஆகவே, கையில் இல்லாத பணத்தை இருப்பதாக எழுதிவிடலாமா என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அப்பாவும் பிள்ளையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். நாலு வரி எழுதிக் கொடுக்கும் பிரச்னை அப்படியேதான் இருக்கிறது.

நம் ஆளிடம் வருவோம். இனி அவர் என்று சொல்வதே மரியாதை. சீனா திரும்பியவர் மனத்தில் ஒரே திட்டம். எனக்குக் கிடைத்தது இன்னும் நூறு பேருக்குக் கிடைக்கவேண்டும், சர்க்கார் பணத்தில். கதவு கதவாகத் தட்டினார். கிட்டத்தட்ட பதினெட்டு வருடம். கடைசியில் ஜெங் குவோஃபான், லி ஹோங்ஜாங் என்ற இரண்டு பெரிய தலைகள் மசிந்தார்கள்.

1872 தொடங்கி 1875 வரை, வருடத்துக்கு முப்பது பேர். மொத்தம் 120 சிறுவர்கள். பத்து, பன்னிரண்டு வயது. பதினைந்து வருடம் படிப்பு என்று ஏற்பாடு. நோய் வந்தாலோ உயிர் போனாலோ சர்க்கார் பொறுப்பல்ல என்று பெற்றவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆம், இங்கேயும் ஒரு தாள்!

ஹார்ட்ஃபோர்ட் நகரத்தைச் சுற்றி அமெரிக்கக் குடும்பங்களில் தங்கினார்கள். நீளப் பின்னலைத் தொப்பிக்குள் சொருகிக்கொண்டு பேஸ்பால் ஆடினார்கள். சர்ச்சுக்குப் போனார்கள். யேலில் மட்டும் இருபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கூட இருந்த சீன அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. பையன்கள் பையன்களாக இல்லை, அமெரிக்கர்களாகிக்கொண்டிருக்கிறார்கள் என்று பீஜிங்குக்குக் கடிதங்கள் பறந்தன.

இதைக்கூடச் சமாளித்திருக்கலாம். அமெரிக்கா செய்த காரியம்தான் பெரிய அடி. பையன்களில் சிலரை வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியிலும் அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரியிலும் சேர்க்கவேண்டும் என்பது சீனாவின் ஆசை. அரசாங்கக் கல்விக்கூடங்களில் சீனர்கள் படிக்கலாம் என்று 1868-ல் போட்ட ஒப்பந்தமே இருந்தது. யுங் விங் விண்ணப்பித்தார். சீன மாணவர்களுக்கு இடமில்லை என்று வாஷிங்டனிலிருந்து பதில் வந்துவிட்டது. ஜப்பானியர்களுக்கு மட்டும் அன்னபோலிஸ் ஏற்கெனவே திறந்திருந்தது.

மார்க் ட்வெய்ன் தன் பாதிரியார் நண்பர் ட்விச்செல்லோடு போய் முன்னாள் ஜனாதிபதி கிராண்டைப் பிடித்தார். கிராண்ட் லி ஹோங்ஜாங்குக்குக் கடிதம் எழுதினார். யேலின் தலைவர் போர்ட்டரும் எழுதினார். கொஞ்சநாள் தள்ளிப்போனதே தவிர, நிற்கவில்லை. 1881-ல் எல்லோரும் ஊர் திரும்ப உத்தரவு. அதற்குள் பட்டம் வாங்கியிருந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டே இரண்டு பேர். மற்றவர்கள் பாதிப் படிப்பில் மூட்டை கட்டினார்கள். போகிற வழியில் ஓக்லாந்து பேஸ்பால் அணியைத் தோற்கடித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினோம் என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஷாங்காயில் வரவேற்பு? பாழடைந்த ஒரு பழைய கட்டடம். வாசலில் காவல்.

அடுத்த வருடமே, 1882-ல், அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரத் தடைச் சட்டம் போட்டது.

2025 மே மாதம், அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தன. அதே மாதம் ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியை ரத்து செய்ய அந்த நாட்டு அரசு உத்தரவிட்டது. கோர்ட் குறுக்கே நின்று தடுத்தது. இடம் கிடைத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த பிள்ளைகளின் முகம், 1881-ல் கப்பல் ஏறிய அந்த முகங்களிலிருந்து ரொம்ப வேறாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாதியில் திரும்பிய பையன்கள் வீணாகிப் போகவில்லை. பட்டம் வாங்கிய இருவரில் ஒருவரான ஜான் தியன்யூதான் பீஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டவர். 1909-ல் முடித்தார். டாங் ஷாவோயி 1912-ல் சீனக் குடியரசின் முதல் பிரதமர். சிலர் கடற்போர்களில் செத்துப்போனார்கள்.

யுங் விங்குக்கு யேல் 1876-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பதிலுக்கு 1878-ல் தன்னிடமிருந்த சீனப் புத்தகங்கள் 1,237 தொகுதிகளை அந்த நூலகத்துக்கே கொடுத்தார். எலிஹு யேல் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு. ஆனால் 1898-ல் அவர் சீனாவில் இருந்தபோது, உங்கள் குடியுரிமையை இனி அங்கீகரிப்பதற்கில்லை என்று அமெரிக்க அரசு சொல்லிவிட்டது. நாற்பத்தாறு வருடத்துக் குடிமகன்!

எப்படியோ 1902-ல் அந்த நாட்டுக்குள் வந்து சேர்ந்தார். வயது எழுபத்து மூன்று. இளைய மகன் பார்ட்லெட் யேலில் பட்டம் வாங்குகிற வருடம் அது. மகன் அமெரிக்காவில் பிறந்தவன். அதனால் அவன் குடிமகன். அப்பா இல்லை.