குலமில்லாத தொழில்: லாரிப் பட்டறையும் நம் கல்வி வரலாறும்

தமிழகத்தில் தொழிற்கல்வி பற்றிய சொல்லாடலில் இரண்டு உருவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம். கிராமப் பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். எதிர்த்தவர்கள் அதற்கு இட்ட பெயர்தான் குலக்கல்வி. மற்றொன்று, 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழி வந்த ஐ.டி.ஐ. முதலாவது 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்டது. இரண்டாவது முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. தகப்பனிடம் கற்பது பிற்போக்கு, அரசிடம் கற்பது முற்போக்கு என்று கணக்கை முடித்துக்கொண்டோம். இரண்டிலும் அடங்காத மூன்றாவது கல்வி ஒன்று சாலையோரத்தில் நடந்துகொண்டிருந்தது. லாரிப் பட்டறைதான் அது.

அதே ஆண்டுகளில் நிகழ்ந்த வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவில் லாரி கட்டத் தொடங்கியது. அப்பன் தொழிலைப் பிள்ளை கற்க வேண்டுமா என்று சட்டமன்றத்திலும் தெருவிலும் சண்டை நடந்த நாட்களில், எந்த அப்பனுக்கும் தெரியாத ஒரு தொழில் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. கொல்லருக்கு இரும்பு தெரியும், தச்சருக்குச் சக்கரம் தெரியும். டீசல் எஞ்சின் எவருடைய குலச்சொத்தும் அல்ல. அதைக் கற்க வந்த பையனுக்கு ஆசான் தகப்பனாக இருக்க வழியில்லை.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். கடல் பின்வாங்கிப்போன பூமி. மேலே மானாவாரிக் காடு, கீழே சுண்ணாம்புக்கல். 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. 1997இல் ஆலத்தியூரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. வேறு தனியார் ஆலைகளும் சேர்ந்தன. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் தனியானது. வரைபடம் இப்படி மாறிக்கொண்டிருக்க, மாறாமல் ஓடியவை டிப்பர் லாரிகள். பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரியும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் லாரிகளைப் பெருக்கின. லாரி நிற்கும் இடத்தில் பட்டறை முளைத்தது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை முதலில் இழுத்தது பட்டறையின் சொற்கள். தோண்டும் எந்திரத்துக்கு நம் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பெயர் தேடும் முன்பே மக்கள் பொக்லைன் என்றார்கள். அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். பிறகு வந்தது ஹிட்டாச்சி. அது ஜப்பானிய நிறுவனம். ஜே.சி.பி. என்பது ஓர் ஆங்கிலேய முதலாளியின் பெயரெழுத்துகள். கம்பெனியின் பெயர் பொருளின் பெயராகிவிட்ட இந்த மொழியில்தான் ஒரு தலைமுறை பாடம் கேட்டது.

பாடத்துக்குப் புத்தகம் இல்லை, வரிசை உண்டு. முதலில் டீசலில் சாமான் கழுவுவது. அடுத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது. பழைய லேலண்டுக்கு அங்குலக் கணக்கு, பென்ஸுக்கு மில்லிமீட்டர் கணக்கு. போல்ட்டின் தலையைப் பார்த்ததும் இது அரையா, ஒன்பதின்கீழ் பதினாறா என்று கண் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பின்னத்துக்கு அடிவாங்கி ஓடிவந்தவன் இங்கே பின்னத்தைக் கையால் கற்றான். பிறகு கிரீஸ் அடிப்பது, ஸ்பிரிங் புஷ் மாற்றுவது, பிரேக், கிளட்ச், கியர் பாக்ஸ். கடைசியில்தான் எஞ்சின். பம்பும் நாசிலும் அதற்கென்று தனிக் கடை வைத்திருப்பவரிடம் போகும்.

புகையைப் படிப்பது இன்னொரு பாடம். கறுப்பென்றால் டீசல் கூடுதல், இல்லை காற்று பத்தவில்லை. நீலமென்றால் ஆயில் எரிகிறது. வெள்ளையென்றால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் எஞ்சினில் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். "காதைக் குடுத்துக் கேளுடா" என்பதுதான் அங்கே விரிவுரை. இது சோதனை, ஒப்பீடு, முடிவு என்று முறையாக நகரும் ஓர் ஆய்வுமுறை. செய்தவர்களை மட்டும் 'படிக்காதவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பட்டறையைப் புனிதப்படுத்தும் உத்தேசம் எனக்கு இல்லை. கூலி பல வருடம் சாப்பாடும் டீயும்தான். அடி உண்டு, ஸ்பேனர் பறந்துவரும். பத்து வயதுப் பையன்கள் லாரிக்கு அடியில் படுத்தார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப்பட்டியலில் மோட்டார்ப் பட்டறை பின்னால் சேர்க்கப்பட்டது நியாயமே. பெண்கள் அந்தப் பக்கமே வரவில்லை. குலம் தேவையில்லை என்பதால் சாதி இல்லாமல் போய்விடவுமில்லை. பையனைச் சேர்த்துவிடுபவர் மாமனோ ஊர்க்காரரோதான். அந்த வழியே சாதியும் உள்ளே வந்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு முக்கியமானது. குலத்தொழிலில் பிறப்பு தகுதியாகிறது. பட்டறையில் பிறப்பு சிபாரிசு மட்டுமே செய்யும். மாமன் சேர்த்துவிட்ட பையனாலும் வண்டியை ஓடவைக்க முடியவில்லை என்றால் மேஸ்திரி ஆக முடியாது.

அரசு தந்த கல்வியில் டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டு, மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டாண்டு. நுழையப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் ஆலைக்குள் பயிற்சிக்கு வழி செய்தது. சுரங்கத்தில் இறங்க 1966ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள். இவை பாதுகாப்பும் சட்ட உரிமையும் தந்தவை. ஆனால் சான்றிதழ் உள்ளே விடும் கதவாக இருந்த அதே நேரத்தில் வெளியே நிறுத்தும் கதவாகவும் இருந்தது. ஆனந்தவாடியில் அரசு ஆலையின் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் வேலை கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நிலத்தை எடுக்கும்போது சான்றிதழ் கேட்பதில்லை, வேலை கொடுக்கும்போது கேட்கிறார்கள். கேட்டுக்கு உள்ளே போக முடியாதவன், உள்ளிருந்து கல்லேற்றி வரும் லாரியின் அடியில் படுத்தான்.

இப்போது அந்த இடமும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் புதிய லாரிகளுக்கு பி.எஸ். 6 மாசு விதி கட்டாயமானது. டீசல் அழுத்தத்தைக் கணினிப்பெட்டி ஆள்கிறது; புகைக்குழாயில் யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது; ஒரு சென்சார் பிசகினால் எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முன்பு சொன்ன அந்த நட்டைத் தளர்த்தும் சோதனையை இந்த எஞ்சினில் செய்யக்கூடாது. பைப்பில் வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் அழுத்தம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நாற்பது ஆண்டு கற்ற கை, அதே பழக்கத்தால் வெட்டுப்படலாம்.

எந்திரம் மாறுவதை நான் எதிர்க்கவில்லை. அரியலூர்ப் புழுதியில் வாழ்கிறவர்களுக்குப் புகை குறைவது நல்லதே. புதிய அறிவு எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. பழைய எஞ்சினில் கோளாறு சத்தமாகவும் புகையாகவும் எல்லோருக்கும் பொதுவில் வெளிப்பட்டது. புதியதில் அது ஒரு குறியீட்டு எண்; அதை முழுமையாகப் படிக்கும் மென்பொருள் கம்பெனியிடம். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022இல் குழுவும் இணையவாசலும் அமைத்தது, வாகனத்தையும் அதில் சேர்த்தது. ஆனால் உரிமை சட்டமாக வேண்டும். வாசல் வைத்தால் மட்டும் பூட்டு திறந்துவிடாது.

2023இல் வந்த விஸ்வகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களில் டீசல் மெக்கானிக் இல்லை. இருக்கவும் முடியாது, அதற்குக் குலமில்லை. குடும்பத்தொழில் என்ற நிபந்தனையைச் சுட்டித் தமிழக அரசு 2024இல் அத்திட்டத்தை மறுத்தது சரியே. மறுப்போடு நிற்பது போதாது. 2015 முதல் மத்திய அரசின் திறன் திட்டத்தில், முன்பே கற்றதை மதிப்பிட்டுச் சான்று தரும் பிரிவு ஒன்று உண்டு. பட்டறைக்காரருக்கு வேண்டியது அந்தத் தாள் மட்டுமல்ல. அரியலூர், பெரம்பலூர் ஐ.டி.ஐ.களின் கதவை மாலை நேரத்தில் அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஸ்கேனரைப் படிக்க அங்கே அவர்கள் கற்க வேண்டும். மாணவனுக்குப் புகையையும் சத்தத்தையும் படிக்க அவர்களே கற்றுத்தர வேண்டும், சம்பளத்தோடு. குலக்கல்வியை எதிர்த்தவர்களின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், குலத்துக்கு வெளியே உருவான இந்தக் கல்வியைக் கல்வி என்றே இதுவரை எண்ணவில்லை. இந்தக் கோரிக்கையை நாம் எழுப்ப அதுவே போதுமான காரணம்.