ஃபான்ட் குறி சுமந்த தமிழ்

அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் படியில் ஒரு சொல்லின் கீழ் நேர்கோடு போட்டால் சாய்வெழுத்து. நெளிகோடு போட்டால் தடித்த எழுத்து. கோடு அச்சுக்கோப்பவருக்கு மட்டும். வாசகர் கண்ணில் அது படாது. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு 'மார்க்கப்' என்று பெயர். கணினி அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது.

1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் சட்ட ஆவணங்களைக் கையாள ஒரு குறிமொழி அமைத்தார்கள். ஜிஎம்எல் என்ற அதன் பெயரிலேயே மூவரின் முதலெழுத்துகளும் இருக்கின்றன. 'இதைப் பெரிதாக்கு' என்று சொல்லாமல் 'இது தலைப்பு' என்று மட்டும் சொன்னது அந்தக் குறிமொழி. தலைப்பு எப்படித் தெரிய வேண்டும் என்பது தனிக் கதை. ஜிஎம்எல்லின் வாரிசான எஸ்ஜிஎம்எல் 1986இல் சர்வதேசத் தரமானது.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இதே வழியில் போனார். 1991இல் அவர் விவரித்த, வலைப்பக்கங்களுக்கான குறிமொழியான எச்டிஎம்எல்லில் இருந்தவை 18 குறிகள்தான். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு எல்லாம் உண்டு. நிறத்துக்கோ எழுத்துருவுக்கோ ஒன்றும் இல்லை. கோண அடைப்புக்குறிக்குள் 'எச்1' என்று எழுதித் திறந்து, சாய்கோடு சேர்த்த அதே குறியால் மூடினால் பெரிய தலைப்பு தயார்.

வலையில் கூட்டம் சேர்ந்ததும் அலங்கார ஆசையும் வந்தது. நெட்ஸ்கேப் உலாவி கண்சிமிட்டும் எழுத்தைத் தந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி ஓடும் எழுத்தைத் தந்தது. எழுத்துருவைக் குறிப்பிடும் 'ஃபான்ட்' குறியும் அந்தக் காலத்து வரவுதான். 1997 ஜனவரியில் வந்த எச்டிஎம்எல் 3.2 அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.0, 'தவிர்ப்பது நல்லது' என்றது. அலங்காரத்தைக் கவனிக்க சிஎஸ்எஸ் என்ற தனி மொழி வந்துவிட்டிருந்தது.

ஆங்கிலப் பக்கத்துக்கு அந்தக் குறி வெறும் ஒப்பனை. தமிழுக்கோ அது இல்லையென்றால் பக்கமே இல்லை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டுத் தரமான யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், வீட்டுக் கணினிகள் அதைக் காட்டப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களை வைத்தே தமிழ் இதழ்கள் வலையேறின. ஃபான்ட் குறியில் எழுத்துருவின் பெயர் இருக்கும். அது வாசகரின் கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல். இதழுக்கு ஓர் எழுத்துரு என்று இருந்ததால், முகப்பிலேயே 'எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்ற வரி நின்றது.

2014இல் தரமான எச்டிஎம்எல் 5, ஃபான்ட் குறியை விலக்கிவிட்டது. ஆனாலும் உலாவிகள் இன்றும் அதற்குக் கட்டுப்படுகின்றன. பழைய தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் குறி வேலை செய்கிறது. அது கேட்கும் எழுத்துருதான் கணினியில் இல்லை.