பழைய பெட்டியும் பதின்மூன்றாம் எண் சாலையும்

போன வாரம் பேரன் கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டே என்னைக் கடலூருக்கு அழைத்துப் போனான். பின்னிருக்கையில் இருந்தபோது, ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பயணம் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

என் அண்ணன் ஒரு சொல்தா. நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறினாலும், சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான். அன்று முதல் ஆறு மாதம், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்தார். எங்கள் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நான் அப்போது பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். அப்பா எதுவோ நானும் அதுவே ஆனேன். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்று, அங்கேயே கல்யாணம் செய்து, நோர்மாந்தியில் ஒரு சின்ன கிராமத்தில் தங்கிவிட்டார்.

2017 மார்ச் மாதம் நான் பாரிசுக்கு வடக்கே சார்செல் நகரில் என் பெண் வீட்டில் இருந்தபோது அண்ணன் இறந்த செய்தி வந்தது. மறுநாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு அடக்கப் பூசை. அண்ணன் மகள் அழுதுகொண்டே பேசினாள். முகவரியை அவள் பையன் கைப்பேசியில் எழுதி அனுப்பினான்: கோவில், கோவில் வீதி, லிவாரோ-பேய்-தோழ். இவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் காரில், கண்ணாடியில் ஒட்டிவைக்கும் ஒரு வழிகாட்டிப் பெட்டி இருந்தது. 2005-இல் வாங்கியது. "வரைபடத்தைப் புதுசாக்கக் காசு கேட்கிறான் மாமா, ரோடு எங்கே ஓடிவிடப் போகுது" என்று அவர் அதை அப்படியே வைத்திருந்தார். சுங்கச் சாவடி இல்லாத வழி என்று தட்டினார். இருநூறு கிலோமீட்டர் சொச்சம் தூரம். பத்து மணிக்குக் கிளம்பினோம்.

இந்த இடத்தில் அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழி தவறான இடத்தில் விழும். வானத்தில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கர்கள் விட்ட செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. முதலாவது 1978-இல் போனது. அவை அனுப்பும் நேரக்குறிப்பை வைத்து, நாம் இருக்கும் இடத்தைப் பெட்டி கணக்குப் போடுகிறது. முதலில் பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் விட்டார்கள். நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. அதன் பிறகுதான் கார்களில் இந்தப் பெட்டி பெருகியது. ஆனால் செயற்கைக்கோள் சொல்வது நீ எங்கே நிற்கிறாய் என்பதை மட்டுமே. அங்கே என்ன சாலை, என்ன ஊர் என்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் வரைபடத்தின் வேலை. எங்கள் பெட்டியின் வரைபடம் 2005-இல் நின்றிருந்தது.

எவ்ரோ நகரைத் தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது. "தேசியச் சாலை 13-இல் தொடருங்கள்" என்றது பெட்டிக்குள் இருந்த பெண் குரல். பலகையிலோ D613 என்று போட்டிருந்தது. D என்றால் மாவட்டச் சாலை. மாப்பிள்ளை தயங்கினார். நான்தான், "தேசிய சாலையை விட்டு எங்கேயோ இறங்கிவிட்டோம், திருப்புங்க" என்றேன். திரும்பினோம். பத்து கிலோமீட்டர் பின்னால் போய் விசாரித்து, அதே சாலைக்கு மறுபடி வந்து சேர முக்கால் மணி நேரம் போய்விட்டது. அந்த முக்கால் மணி நேரம் என் கணக்கில்தான் வரும், பெட்டியின் கணக்கில் இல்லை.

நடந்தது என்னவென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2004 ஆகஸ்டில் பிரான்சில் அதிகாரப் பரவலுக்கான சட்டம் ஒன்று வந்தது. அதன்படி 2006 ஜனவரி முதல், சுமார் 18,000 கிலோமீட்டர் தேசியச் சாலைகளை அரசு மாவட்டங்களின் தலையில் கட்டியது. 1972-இலும் இதைவிடப் பெரிய கைமாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. சாலை அதே சாலை, தார் அதே தார். கோப்பு மட்டும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்தது. முப்பத்தைந்து வருடம் கோப்பு நகர்த்தியவனுக்கு இது புரியாதா? புதிய எண் கொடுத்த எழுத்தரை ஒரு விதத்தில் பாராட்டத்தான் தோன்றியது. பழைய 13-க்கு முன்னால் ஒரு ஆறைச் சேர்த்து 613 ஆக்கியிருக்கிறார். பழைய 175, அந்தப் பக்கம் 675 ஆயிற்று. பழைய எண் தெரிந்தவன் புதியதைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

லிசியே வழியாகப் போனோம். குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் வாழ்ந்த ஊர். எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இறங்காமல் விட்டிருக்க மாட்டாள். நேரம் இல்லை, பெரிய கோவிலை ஜன்னல் வழியே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். இந்த ஊரைப் பற்றி ஒரு செய்தி. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நோர்மாந்தியில் இறங்கியபோது அவர்களுக்கும் வழி தெரியாத கஷ்டம் இருந்தது. பலகைகள் பல இடத்தில் பிடுங்கப்பட்டோ உடைந்தோ கிடந்தன. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டயர் கம்பெனியான மிஷ்லேன், கார் ஓட்டிகளுக்காக 1900 முதல் வெளியிட்டு வந்த சிவப்பு அட்டை வழிகாட்டிப் புத்தகத்தின் 1939 பதிப்பை வாஷிங்டனில் அப்படியே மறு அச்சு அடித்து அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். அட்டையில் "அலுவல் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்தார்கள். உள்ளே ஹோட்டலும் சாப்பாடும் அப்படியே இருந்தன. ஐந்து வருடப் பழசு; ஆனால் அதில் ஊர் ஊராகத் தெரு வரைபடம் இருந்தது. லிசியேயின் பழைய மரவீடுகளில் பெரும்பகுதி ஜூன் குண்டு வீச்சில் போய்விட்டது. புத்தகத்தில் இருந்த தெருவைத் தேடி வந்த அதிகாரிக்கு இடிபாடுதான் கிடைத்திருக்கும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். லிவாரோ வந்து சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. பாலாடைக்கட்டிக்குப் பேர்போன சிற்றூர். முகவரியில் இருந்த நீளப் பெயர் பெட்டிக்குத் தெரியவில்லை, லிவாரோ என்று மட்டும் தட்டியிருந்தோம். கோவிலுக்கும் வந்தோம். கதவு பூட்டியிருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. அண்ணன் மகளைக் கூப்பிட்டால் தொலைபேசி அணைந்திருந்தது. பூசையில் இருப்பவள் எப்படி எடுப்பாள்? மாப்பிள்ளையின் கைப்பேசியில் இணையம் அந்தப் பள்ளத்தாக்கில் வருவதும் போவதுமாக இருந்தது.

எதிரே ரொட்டிக் கடை. நான் போய் கடைக்கார அம்மாளிடம் முகவரியைக் காட்டினேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஐயா, இது இருபத்திரண்டு ஊருக்குச் சேர்த்து ஒரே பேர். பழைய ஊர் பேர் என்ன?" என்றாள்.

நமக்குக் கொம்யூன் என்றால் தெரியும்; இன்னும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதானே சொல்கிறோம். அங்கே ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கும் தனி கொம்யூன், தனி மேரி, தனி மேயர். செலவு தாங்காமல் பக்கத்து ஊர்களைச் சேர்த்துப் "புதிய கொம்யூன்" அமைத்து வருகிறார்கள். 2016 ஜனவரி 1-ஆம் தேதி லிவாரோவும் சுற்றியிருந்த ஊர்களுமாக இருபத்திரண்டு சேர்ந்து லிவாரோ-பேய்-தோழ் ஆயின. இப்படிச் சேர்ந்தால் ஒரே கொம்யூனில் ஒன்றுக்கு மேல் கோவில் வீதி வந்துவிடும். குழப்பம் வராமலிருக்கப் பழைய ஊரின் பெயரைத் தனி வரியில் எழுதலாம். பையன் அந்த வரியை விட்டுவிட்டான். அவனுக்கு அது தன் தாத்தா ஊர், விலாசமாகவே பட்டிருக்காது.

எனக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இருபது வருடம் அண்ணன் எனக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு உறையின் பின்னாலும் தன் விலாசத்தைக் குண்டு எழுத்தில் எழுதுவார். நானும் பதில் உறையில் அதை எத்தனை தடவை எழுதியிருப்பேன். கடை வாசலில் நின்றபோது வாயில் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் காற்றில் எழுதிப் பார்த்தேன். அண்ணன் பெயர், வீட்டு எண், பிறகு ஒரு செயின்ட்டின் பெயர்... கை எழுதிவிட்டது.

"ஆ, அதுவா!" என்று அந்த அம்மாள் கையைக் காட்டி ஏதோ வழி சொன்னாள். பாதி புரிந்தது. ஓடிப்போய் மாப்பிள்ளையிடம் சொன்னேன். பழைய பெயரைத் தட்டினார். பெட்டி ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. அதன் உலகத்தில் அந்த ஊர் இன்னும் தனிக் கொம்யூனாகத்தானே இருந்தது. வழியில், புதிதாகப் போட்டிருந்த ஒரு வட்டச் சந்திப்பில் மட்டும் "இடப்புறம் திரும்புங்கள்" என்று ஆப்பிள் தோப்பைக் காட்டியது. மாப்பிள்ளை அதைக் கேட்கவில்லை.

மூன்று மணி பத்து. கோவிலில் பூசை முடிந்து, பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நின்றது. பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். முகத்தைப் பார்க்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்ததுதான். ஆனாலும் பூசையில் முதல் வரிசையில் தம்பி என்று உட்கார ஓர் இடம் வைத்திருந்ததாக அண்ணன் மகள் பிறகு சொன்னாள். அவள் என்னைப் பார்த்ததும், "சித்தப்பா" என்று தமிழில் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. என் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தாள். மழையில் நனைந்த கறுப்பு மண். போட்டேன்.

திரும்பும்போது சுங்கச் சாலை வழியாகவே வந்தோம். மாப்பிள்ளை பெட்டியை அணைத்து முன்னறையில் வைத்துவிட்டார். ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கி அண்ணனின் கடித உறைகளைத் தேடியதுதான். நூற்றுப் பதினொன்று இருந்தன. எல்லாவற்றின் பின்னாலும் அந்த ஊரின் பெயர் இருக்கிறது.