உலைக்களம் உரைக்கும் வரலாறு

மன்னன் முடிசூடிய நாளை மறவாது குறித்த வரலாறு, அவன் ஏறிய குதிரைக்கு இலாடம் அடித்தவனைக் குறித்ததுண்டா? அயர்லாந்தின் சிற்றூர்களிலே, அணைந்துபோன உலைக்களங்களின் சாம்பலைக் கிளறினால், நாம் படிக்காத வரலாறு ஒன்று கிடைக்கிறது.

ஏர்முனையும் மண்வெட்டியும், கதவுக் கீலும் குதிரை இலாடமும் பிறந்த இடம் ஊர்க் கொல்லன் பட்டறை. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை பூட்டும் முறையைக் காணுங்கள்! இரும்பு வளையத்தைத் தழலிலே காய்ச்சுவான், சூட்டில் விரிந்த வளையத்தை மரச்சக்கரத்தின்மீது ஏற்றுவான், தண்ணீரை ஊற்றுவான். சுருங்கிய இரும்பு சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஏடு தந்த அறிவன்று இது. தலைமுறை தலைமுறையாகச் சம்மட்டி தந்த அறிவு.

ஊரார் அதற்கு இட்ட பெயர் என்ன? மந்திரம்! இரும்பு தோய்த்த நீர் மருவைப் போக்கும் என்று நம்பினர். கொல்லன் சபித்தால் குடி கெடும் என்று நடுங்கினர். இது போற்றுதல்போலத் தோன்றும். ஆனால், உழைத்தவன் கண்ட உண்மையை அவனிடமிருந்து பறித்து, மாயத்தின் கணக்கிலே வரவு வைத்ததன்றோ அது?

ஆட்சியாளருக்கு அந்த மயக்கம் இல்லை. கத்தோலிக்கர் படைக்கலம் வைத்திருக்கலாகாது. 5 பவுனுக்கு மேற்பட்ட குதிரையும் வைத்திருக்கலாகாது என்று 1695-இல் சட்டம் செய்தவர்கள் அவர்கள். 1798-இல் புரட்சி மூண்டபோது, துப்பாக்கியற்ற உழவனுக்கு ஈட்டிமுனை வடித்துத் தந்தான் கொல்லன். கில்டேர் பகுதியிலே கொல்லர்களைப் பிடித்துச் சவுக்கால் அடித்தது அரசுப் படை, பட்டறைகளைக் கொளுத்தியது. மே 27-இல் வெக்ஸ்போர்டின் ஊலர்ட் குன்றில் ஈட்டி வென்றது. ஜூன் 21-இல் வினிகர் குன்றில் பீரங்கி வென்றது. எரிந்த பட்டறைகளோ மீண்டும் எழுந்தன.

படை அணைக்க முடியாத உலையை, இருபதாம் நூற்றாண்டிலே டிராக்டர் அணைத்தது. குதிரை வயலைவிட்டுப் போயிற்று. கொல்லனுக்கு வேலை குறைந்தது. இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. முதுகெலும்பு முறிய உழைப்பதே பெருமை என்று பாடவும் நாம் வரவில்லை. கைத்தொழிலோடு கையறிவும் புதைந்துவிடலாமா என்பதே நம் கேள்வி.

அதற்கு விடை தந்தவர்கள் பள்ளிச் சிறுவர்கள்! 1937 முதல் 1939 வரை, அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் திட்டப்படி, ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் மாணவர்கள் முதியோரிடம் கேட்டு எழுதினர். தரப்பட்ட தலைப்புகளில் ஒன்று, ஊர்க் கொல்லன் பட்டறை. அரண்மனைக்கு ஏடெழுதிய உலகிலே, அடுப்பங்கரைக்கும் பட்டறைக்கும் ஏடெழுதின அந்தப் பிஞ்சுக் கரங்கள்.

அத்தகைய ஏடுகளைப் படிக்கும்போது, மருவைப் போக்கும் நீரை நம்பிக்கையென்று குறித்துக்கொள்வோம். சக்கரத்தைப் பற்றிய இரும்பை அறிவென்று ஏற்றுக்கொள்வோம். பிரித்தறிவதே பகுத்தறிவு. உழைத்தவனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனும் அதுவே.