திருநெல்வேலி ஆங்கிலிக்கத் திருச்சபையில் குருப்பட்ட உரிமை (1790–1836)

முன்னுரை

தென்காசி, குற்றாலம் வட்டாரம் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. இவ்வட்டாரத்தில் நல்லூர், சுரண்டை ஆகிய ஊர்கள் சி.எம்.எஸ். சங்கத்தின் பணித்தளங்களாக விளங்கின. அச்சங்கத்தின் திருநெல்வேலிப் பணிக்குத் தலைமையிடம் பாளையங்கோட்டை. எனவே இங்குள்ள சேகரங்களின் குருமார் வரலாற்றையும் பாளையங்கோட்டையிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. சேகர வரலாறுகள் பெரும்பாலும் குருமார் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்படுகின்றன. அப்பட்டியலில் இடம்பெறும் தகுதியை வழங்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேராயர் இல்லாத காலம்

1778இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையாரின் முயற்சியால் பாளையங்கோட்டையில் எழுந்த ஆலயம் 1785இல் திறக்கப்பட்டது. 1780ஆம் ஆண்டுப் பதிவின்படி அச்சபையினர் 40 பேர். அங்கு உபதேசியாராக இருந்த சத்தியநாதன் 1790இல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். அவருடைய மறையுரையை எஸ்.பி.சி.கே. சங்கம் ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டது. ஆங்கிலிக்க முறையில் பேராயரே குருப்பட்டம் அளிக்க வேண்டும். ஆயினும் அச்சபையைச் சார்ந்த இச்சங்கம் சத்தியநாதனின் பட்டத்தை ஏற்றது. அப்போது இந்தியாவில் ஆங்கிலிக்கப் பேராயர் எவரும் இல்லை. கல்கத்தாப் பேராயம் 1814இல்தான் தோன்றியது.

இரேனியசும் தேவசகாயமும்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு, சத்தியநாதனைப் போலவே தம் உபதேசியார்களும் லுத்தரன் முறையில் பட்டம் பெறலாம் என்று கருதினார். பேராயரின் கைவைப்பு வேண்டும் என்பது சங்கத்தின் நிலை. இரேனியசு இங்கிலாந்துத் திருச்சபையின் நடைமுறைகளை விமர்சித்து நூல் வெளியிட்டதும் பிளவு முற்றியது. 1835இல் சங்கம் அவரை நீக்கியது. உபதேசியார்கள் பலர் அவரை மீண்டும் அழைத்தனர். 1838இல் இறக்கும்வரை அவர் பாளையங்கோட்டையில் தனித்துப் பணியாற்றினார்.

மறுபுறம், 1830இல் உதவிகுருவான ஜான் தேவசகாயம் சங்கத்தின் பக்கம் நின்று, 1836இல் சென்னையின் முதற்பேராயர் கோரியிடம் முழுக் குருப்பட்டம் பெற்றார். ஆகவே இப்பூசலை ஐரோப்பியரின் சமயக் கருத்து மோதலாக மட்டும் காண்பது பொருந்தாது. தமிழ்ப் பணியாளரும் இரு நிலைப்பாடுகளை எடுத்துள்ளனர். பட்டம் பெறாத உபதேசியாரால் நற்கருணை வழங்க இயலாது. சிற்றூர்ச் சபைகள் குருவின் வருகைக்குக் காத்திருக்க வேண்டும். வழிபாட்டை நாள்தோறும் நடத்தியவருக்கு அதிகாரம் இல்லை என்பதே இப்பூசலின் உள்ளீடு.

முடிவுரை

இரேனியசின் மறைவுக்குப் பின் அவருடைய தோழர்கள் சங்கத்தோடு இணைந்தனர். 1896இல் திருநெல்வேலி தனிப் பேராயமாயிற்று. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, இணைந்த பிற சபைகளில் பேராயரின்றிப் பட்டம் பெற்றிருந்தோரை மறுபட்டமின்றி ஏற்றது. இனிவரும் பட்டங்களைப் பேராயரே அளிக்க வேண்டும் எனவும் வகுத்தது. 1835இல் எழுந்த வினாவுக்கு 112 ஆண்டுகள் கழித்து இவ்வாறு இருதரப்புக்கும் இடமளிக்கும் விடை கிடைத்தது. பட்டம் பெற்றோரின் பட்டியலை மட்டும் சேகர வரலாறாகக் கொண்டால், அவ்விடைக்கு முன்பு சபைகளை நடத்திய உபதேசியார்கள் அதிலிருந்து விடுபட்டுவிடுவர்.