கோதுமைக் கணக்கில் வந்த தமிழ் நூல்கள்: சிகாகோ பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வு வேரூன்றிய வரலாறு

1962ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த ஏ.கே. ராமானுஜன், ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறை அடுக்குகளில் பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கண நூல் கிடைக்குமா என்று துழாவிக்கொண்டிருந்தார். மைசூரில் பிறந்து வளர்ந்த அவருக்கு வீட்டுமொழி தமிழ்தான். ஆனால் சங்கத் தமிழை முறையாகப் பயின்றதில்லை. இலக்கணம் தேடிய கைக்கு உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. 1985இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்புத் தொகுதி ஒன்றின் பின்னுரையில் இதை அவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமைக்கு ஐந்தாண்டு கழித்து, 1967இல், குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில ஆக்கமாக ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ வந்தது. சங்கக் கவிதையை உலக வாசகர் பலர் முதன்முதலில் கண்டது அந்தச் சிறு நூலில்தான்.

இந்நிகழ்ச்சியை ஒரு கவிஞரின் நற்பேறாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் வேறொரு கேள்வி இருக்கிறது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஏரிக்கரை நகரம் ஒன்றின் நூலக அடுக்கில், தமிழ் நூலுக்கு இடம் எப்படி உண்டாயிற்று? ஆசிய ஆய்வுத் துறைகளின் வரலாறு பெரும்பாலும் பேராசிரியர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. சிகாகோவைப் பொறுத்தவரை அது நூலகத்தின் வரலாறாகவும் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்கக் கல்வி உலகம் இந்தியாவை முதலில் அறிந்தது சமஸ்கிருதத்தின் வழியாக. யேல் கல்லூரி 1841இல் எட்வர்ட் சாலிஸ்பரியை அரபு, சமஸ்கிருதப் பேராசிரியராக அமர்த்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகம் தோன்றியது. தமிழை அறிந்திருந்த அமெரிக்கர்கள் அப்போது பல்கலைக்கழகங்களில் இல்லை; யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மிஷன் வீடுகளில் இருந்தார்கள். 1862இல் சென்னையில் அச்சேறிய வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி அவர்கள் வழிவந்த உழைப்பு. அவ்வளவு பெரிய அகராதி வந்த பிறகும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த அறிவுக்கு அவர்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உரிய இடம் கிடைக்கவில்லை.

நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். ஆசிய மொழிகள் அறிந்தோர் போதவில்லை என்பதைப் போர் அமெரிக்க அரசுக்கு உணர்த்தியது. சிறுவயதில் சில ஆண்டுகளை இந்தியாவில் கழித்த சமஸ்கிருத அறிஞர் டபிள்யூ. நார்மன் பிரவுன் 1948இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய வட்டார ஆய்வுத் துறையை நிறுவினார். வட அமெரிக்காவில் அத்தகைய முதல் துறை அதுவே. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. மறு ஆண்டு தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் ஆறாம் பகுதி, அதிகம் பயிலப்படாத மொழிகளுக்கான மையங்களுக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களின் உதவித்தொகைக்கும் பணம் ஒதுக்கியது. சட்டத்தின் பெயரிலேயே ‘பாதுகாப்பு’ என்ற சொல் இருப்பதை மறக்கக் கூடாது.

சிகாகோ வந்த வழி சற்று வேறு. மானிடவியலாளர் ராபர்ட் ரெட்ஃபீல்டும் மில்டன் சிங்கரும் 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுடன் நாகரிகங்களை ஒப்பிட்டு ஆராயும் திட்டமொன்றை நடத்தினர். சிங்கர் களம் தேடிச் சென்னைக்கு வந்தார். பஜனை, அரங்கேற்றம், காலட்சேபம் என நகரத்து வாழ்வில் மரபு எப்படிப் புதுவடிவம் கொள்கிறது என்று கவனித்தார். 1972இல் வெளிவந்த அவருடைய பெருநூலுக்கு இச்சென்னை ஆய்வுகளே அடித்தளம். இந்திய நாகரிகம் என்பதைப் பழஞ்சுவடிகளில் மட்டும் தேடாமல் மயிலாப்பூர் வீதியிலும் தேடலாம் என்ற எண்ணம் இவ்வாறு அங்கே பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது. 1960களில் தெற்காசிய மொழிகள், நாகரிகங்கள் துறை உருவானபோது எட்வர்ட் டிமோக்கின் வங்காளமும் வான் பைட்டனனின் சமஸ்கிருதமும் ராமானுஜனின் தமிழும் கன்னடமும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தன.

ஆசிரியர்கள் வந்தார்கள், மாணவர்களுக்கு உதவித்தொகையும் வந்தது. முனைவர் பட்டத்துக்கு எழுத வருகிறவர் எதைப் படிப்பார்? இங்கேதான் கோதுமை வருகிறது.

பி.எல். 480 என்ற பெயர் நம் பெரியவர்களுக்கு ரேஷன் கடையோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். 1954இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் அது. தங்கள் உபரித் தானியத்தை அயல்நாடுகளுக்கு விற்று, விலையை டாலராகக் கேட்காமல் அந்தந்த நாட்டு நாணயத்திலேயே பெற்றுக்கொள்ள அது வழிசெய்தது. இந்தியா 1956இல் முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்த ஆண்டுகளில் கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்கியது. அரிசிச் சோற்றுக்குப் பழகிய தமிழ் வீடுகள் அதை உப்புமாவாகவும் கஞ்சியாகவும் சமைக்கக் கற்றன. அதற்கு இந்தியா கொடுத்த ரூபாய், அமெரிக்க அரசின் கணக்கில் இந்தியாவிலேயே மலைபோலக் குவிந்தது. வெளியே கொண்டுபோக முடியாத பணம்.

1958இல் வந்த ஒரு திருத்தம், அந்த ரூபாயின் ஒரு சிறு பங்கில் நூல்கள் வாங்க அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அதிகாரம் தந்தது. 1962இல் புதுதில்லியில் அலுவலகம் திறக்கப்பட்டது. இந்திய மொழிகளில் அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் பல படிகளாக வாங்கி, பட்டியலிட்டு, பங்குபெற்ற பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்புவது அதன் வேலை. நடப்பு வெளியீடுகளையே வாங்கிய இத்திட்டத்தில் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகை வந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் ராமானுஜன் நிலவறைக்குள் இறங்கிய அதே ஆண்டில்தான் தமிழ் நூல்கள் இப்புதிய வழியில் கப்பலேறத் தொடங்கின.

இத்திட்டம் பரந்த வலையை வீசியது. இலக்கணப் பதிப்போடு நாவலும், தலபுராணத்தோடு கட்சி வெளியீடும் சேர்ந்து போயின. ஆயிரம் படி அச்சிட்டு, விற்றது போக மிஞ்சியதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடும் நம் பதிப்புலகில், அடுத்த தலைமுறையின் கண்ணில் படாமலே மறைந்துபோகும் நூல்கள் எத்தனையோ. அவற்றில் ஒரு படி கடல் கடந்து, எண்ணிடப்பட்டு, குளிரூட்டிய அறையில் அமர்ந்தது. சிகாகோவின் தெற்காசிய நூலகரான மொரீன் பேட்டர்சன் இவ்வளர்ச்சியில் உழைத்தவர். 1981இல் அவர் வெளியிட்ட தெற்காசிய நாகரிக நூலடைவு, ஆய்வு மாணவருக்கு வழிகாட்டும் வரைபடம் போன்றது. துறைகளின் வரலாற்றில் நூலகர்களின் பெயர் அடிக்குறிப்போடு நின்றுவிடுவது நியாயமில்லை.

இந்தியப் பக்கத்தில் ஐயங்கள் எழுந்ததும் இயல்பே. ஒரு நாட்டின் நூல்களையும் ஆய்வுக்களத்தையும் இன்னொரு நாடு, அதுவும் பனிப்போர்க் கணக்குகளோடு, அள்ளிச் செல்லும்போது கேள்வி எழத்தான் செய்யும். 1961இல் பிரவுன் தொடங்கிய இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனமும் இதே ரூபாய்க் கணக்கைச் சார்ந்திருந்தது. அரசு பணம் கொடுத்த நோக்கம் அரசியல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பணத்தில் படித்தவர்கள் எழுதியவை எல்லாம் அந்த நோக்கத்துக்கு அடங்கிவிடவில்லை. அகத்திணை மரபை விளக்கும் நூலால் எந்தப் படைத்துறைக்கு என்ன பயன்?

1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் அளித்தார். கோதுமைக் கணக்கின் பெரும்பகுதி அதோடு தீர்ந்தது. நூல் வாங்கும் ஏற்பாடு மட்டும் நிற்கவில்லை. பின்னாளில் நூலகங்கள் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதைத் தொடர்ந்தன.

இருபது ஆண்டு கழித்து நடந்ததையே இவ்வரலாற்றின் முக்கியத் திருப்பமாக நான் கருதுகிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் ஆகியவை அவர் 1992இல் மறைந்த பிறகு சிதறிப்போகும் நிலையில் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. முப்பது ஆண்டுப் பழக்கப்படி அதையும் கப்பலேற்றியிருக்கலாம். ஆனால் தொகுப்பு கோட்டையூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே வைக்கப்பட்டது. நுண்படமெடுக்கவும் பட்டியலிடவும் இங்கேயே ஆட்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். இன்று தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவ்வாறு பிறந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் முனைவர் பட்ட மாணவரும் தமிழ்நாட்டு ஆய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்க முடிவது அந்த முடிவின் பயன்.

அண்மைக்காலத்தில் புலம்பெயர்ந்த தமிழர்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் இருக்கைகளுக்கு நிதி திரட்டுகிறார்கள். ஹார்வர்டு இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்ந்தது. மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் நன்கொடை கேட்கும் மேடைகளில் அந்த இருக்கையின் பக்கத்தில் நிற்க வேண்டிய நூல் அடுக்கைப் பற்றி யாரேனும் பேச வேண்டும். நூல் வாங்க, பட்டியலிட, பழைய தாளைக் காக்க ஆண்டுதோறும் ஆகும் செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை இப்போது சிகாகோவின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். இக்கட்டுரையில் ஒரு சொல்லில் ஐயம் வந்தபோது நானும் அங்கேதான் பார்த்தேன்.