பழந்தமிழ் மாநகரிற் குழவி வளர்ப்பு

தமிழிற் குழவியைப் பற்றி ஆராயப் புகுவார் பெரும்பாலும் பிள்ளைத்தமிழ் நூல்களையே முதற்கண் நாடுவர். பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடும் அந்நூல்கள் குழவியின் வளர்ச்சியை நிரல்படக் காட்டுதலின் அவ்வாறு நாடுதல் இயல்பே. ஆயினும், அங்குக் காணப்படும் குழவி அரண்மனைக்கோ திருக்கோயிலுக்கோ உரியது. அதற்கு நோயில்லை, அயல் வீட்டாரில்லை, அதனை இடுப்பிற் சுமந்து தெருவிற் செல்லும் ஏவலாட்டியுமில்லை. காப்புப் பருவத்தில் தெய்வங்கள் பலவும் அழைக்கப்படினும், எதனினின்று காத்தல் வேண்டும் என்பது தெளிவாகக் கூறப்படுவதில்லை. நகரத்தில் வாழ்ந்த ஒரு குடும்பம் தன் குழவியை நாள்தோறும் எவ்வாறு வளர்த்தது, அதனை யார் யார் கையில் ஒப்படைத்தது, எதற்கு அஞ்சியது என்று அறிய விரும்புவார்க்குப் பிள்ளைத்தமிழினும் பத்துப்பாட்டும், மருதத்திணைப் பாடல்களும், இரட்டைக் காப்பியங்களுமே மிகுதியும் உதவுவன. புகாரையும் மதுரையையும் நடுவாகக் கொண்டு அச்சான்றுகள் ஈண்டு ஆராயப்படுகின்றன.

தொடக்கத்திலேயே ஒரு சான்றினை விலக்கவேண்டியுள்ளது. மகளிர் உலர வைத்த உணவைக் கவர வந்த கோழியின்மேல் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டிச் செல்லும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுத்தது என்னும் பட்டினப்பாலைக் காட்சி யாவரும் அறிந்ததே. புகார் நகரத்துச் செல்வச் சிறப்பிற்கு இதனை எடுத்துக்காட்டாத ஆய்வேடு இல்லை எனலாம். மாணவர்தம் தேர்வு விடைத்தாள்களிலோ இது தவறாமல் வந்து நிற்கும். ஆயின், 20ஆம் அடிமுதல் 28ஆம் அடிவரை தொடரை முறித்துக்கொள்ளாது படித்துச் செல்வார்க்கு, இக்காட்சி பாக்கங்களும் சிற்றூர்களும் நிறைந்த சோழநாட்டைச் சிறப்பிக்கும் அடையாக அமைந்திருத்தல் விளங்கும். நகரின் வருணனை அதற்குப் பின்னரே தொடங்குகின்றது. அகநகர் என்னும் சொல்லைக் கண்டவுடன் பட்டினத்தின் உள்நகர் என்று பொருள் கொள்ளுதல் பொருந்தாது. நகர் என்பது மனையையும் குறிக்கும் என்பது நிகண்டு கற்றார் அறிந்த செய்தி. பெரும்பாணாற்றுப்படையிலும் தச்சர் செய்தளித்த சிறுதேரை உருட்டி நடை தளர்ந்த சிறுவர் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குகின்றனர். அதுவும் உழவர் மனையே. ஆதலின், சிறுதேர் நகரக் குழவிக்கே உரிய அடையாளம் அன்று. செல்வ மனை எங்கிருந்ததோ அங்கெல்லாம் அதுவும் இருந்தது.

வேறுபாடு தேரில் இல்லை. தேர் உருளும் இடத்திலேயே உள்ளது. சிற்றூர்ச் சிறுவன் மனைமுற்றத்தில் உருட்டினான். பேரூர்ச் சிறுவனோ வாயிலைக் கடந்து, மெய்யான தேர்கள் செல்லும் தெருவிற்கே வந்துவிடுகின்றான்.

சாகலாசனார் பாடிய அகநானூற்று 16ஆம் பாட்டில் இதனைக் காணலாம். பொன்தொடி அணிந்த, இன்னும் சொல் திருந்தாத ஒரு புதல்வன் தேர் வழங்கும் தெருவில் தனியே நிற்கின்றான். அவன் தந்தையின் பரத்தை அவ்வழியே வருகின்றாள். காண்பார் ஒருவரும் இல்லை எனக் கருதி அவனை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கின்றாள். அதனைக் கண்டுவிட்ட தலைவி விரைந்து சென்று அவளைத் தழுவி, அவளும் இவனுக்குத் தாயே என்கின்றாள். களவு வெளிப்பட்டவளைப்போல் பரத்தை தலை கவிழ்ந்து நிலத்தைக் கிளைத்து நிற்கின்றாள். உரையாசிரியரும் பின்வந்தோரும் இப்பாட்டைத் தலைவியின் ஊடல் நயத்திற்காகவே பெரிதும் பாராட்டினர். அந்நயம் உண்மையே. ஆயின், நம் ஆராய்ச்சிக்குரிய வினா வேறு. பொன்னணிந்த குழந்தை தெருவில் தனித்து நின்றது எவ்வாறு? அதனைப் புலவர் வியப்பாகவோ குற்றமாகவோ கூறவில்லை. எனவே, அஃது அக்காலத்து நாள்தோறும் நிகழ்ந்த ஒன்றென்று கொள்ளலாம். தெருவில் நிற்கும் குழந்தையை வருவோர் போவோர் எடுத்துக் கொஞ்சுதலும் வழக்கே. அவ்வாறு எடுத்தவள் இன்னாள் என்பதே இப்பாட்டிற் சிக்கலாகின்றது.

செல்லூர்க் கோசிகன் கண்ணனார் பாடிய 66ஆம் பாட்டு இதனினும் ஒரு படி மேற்செல்கின்றது. புதுமணம் கொள்ளத் தேரேறிச் செல்லும் தந்தையைக் காணும் விருப்பினால், தளர்ந்து தளர்ந்து ஓடும் சிறுவன் வாயிலைக் கடந்து தெருவிற்கு வந்துவிடுகின்றான். தந்தை பாகனிடம் தேரை நிறுத்தச் சொல்லி இறங்குகின்றான். மகனைத் தழுவி வீட்டிற்குள் செல்லுமாறு கூறுகின்றான். சிறுவன் இறங்க மறுத்து அழவே, அவனோடு தானும் மனைக்குத் திரும்புகின்றான். தலைவியோ, கணவனைத் தடுக்கத் தானே மகனை ஏவினாள் என்று பிறர் கருதுவரோ என நாணி, கோலை எடுத்துக்கொண்டு மகனை நெருங்குகின்றாள். தந்தை மகனை அணைத்துக்கொள்கின்றான். அன்று அவன் மணம் கொள்ளச் செல்லவில்லை. சங்கப் பாடல்களில் தாய் குழந்தையை அடிக்கக் கோலெடுக்கும் இடங்கள் மிகச் சில. இங்குக் கோல் எடுக்கப்படுவது குழந்தை தேர்முன் ஓடிய இடரை எண்ணி அன்று. அயலார் வாய்க்கு அஞ்சியே. நகர வாழ்வில் தாய்க்கு அமைந்த அச்சங்களுள் தேரினும் பெரிது இஃது என்பதைப் பின்வரும் சான்றும் வலியுறுத்தும்.

மதுரையைச் சார்ந்த மருதக்கலியில், குழந்தை வேலையாட்டியின் கையில் நகரத்துள் உலவுகின்றது. கலித்தொகை 82ஆம் பாட்டில், தெய்வங்களின் கோட்டங்களை வலஞ்செய்து வருமாறு அனுப்பப்பட்ட மகன் நெடும்பொழுது கழித்தே மீள்கின்றான். தாயின் முலைகள் பாலால் விம்முகின்றன. அவள் சினத்தோடு, சென்ற வழியெல்லாம் கூறுமாறு கேட்கின்றாள். அழைத்துச் சென்றவள் முதலில், தன்னைக் கோபிக்கலாகாது என்று உறுதி பெற்றுக்கொண்டே தொடங்குகின்றாள். மற்றச் சிறுவரோடு விளையாடிய பிள்ளை, தந்தையின் காதல் மகளிர் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் புகுந்து வந்த கதை அதன்பின் வெளிவருகின்றது. அவர்கள் அவனுக்கு அணிகலன் பூட்டி, முகம் பார்த்துக் கண்ணீர் விட்டனர். புலவர் பேசுவது பரத்தையர் துயரமேயாயினும், அதன் அடியில் இருப்பது பால்குடிக்கும் பிள்ளையின் பொழுதுக்கணக்கு. பாலூட்டும் வேளையைத் தாய் தன் உடலாலேயே அறிகின்றாள். கையாள் அதனை மறந்துவிடுகின்றாள். வீட்டிற்கு வெளியே குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதை அவள் வாயாலன்றித் தாய் அறிதற்கு வழியில்லை. செவிலியரை ஊட்டுவாள், ஆட்டுவாள் எனப் பலவாகப் பகுத்து அட்டவணையிடும் பிற்கால வழக்கு இவ்வகை நெருடலை நமக்குக் காட்டுவதில்லை.

மகப்பேற்றையும் பருவ மாற்றத்தையும் பற்றிச் சில குறிப்புக்கள் போதும். மகவு ஈன்ற மகளிர் ஈன்றணிமை தீர்ந்து சுற்றத்தாரோடு குளத்தில் நீராடுதலையும், முதிர்ந்த சூலுடையார் விளக்கும் படையலும் கொண்டு யாழும் முழவும் ஒலிக்க வழிபடச் செல்லுதலையும் மதுரைக்காஞ்சி மாலைக்கால நகரக் காட்சிகளுள் வைத்துப் பாடுகின்றது. தலையாலங்கானத்து வென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்று 77ஆம் பாட்டால், தாலி களைதலும் பால் மறந்து சோறுண்ணத் தொடங்குதலும் குழவிப் பருவத்தின் எல்லைகளாகக் கருதப்பட்டமை தெளிவாகும். அத்தாலி திருமாலின் சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு என்னும் ஐம்படைகளைச் சிறிதாகச் செய்து கோத்த காப்பணி.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை புகார்த் தெருவை அப்படியே காட்டுகின்றது. கள்ளுண்டவன் ஒருவன் சமண முனிவரை வழிமறித்துப் பேசுகின்றான், பித்தேறியவன் ஒருவன் அழுதும் ஓடியும் திரிகின்றான், பேடிக்கூத்து நிகழ்கின்றது, சுவரோவியங்களைச் சிலர் பார்த்து நிற்கின்றனர். அதே தெருவில், நடை தாங்காத புதல்வர்களை மகளிர் சிறுதேரின்மேல் அமைந்த யானை உருவில் ஏற்றிவைத்து, முருகன் விழாவைக் காணுங்கள் என்று அழைக்கின்றனர். குழந்தைகளின் மழலையோடு சிந்தும் வாய்நீர் மார்பிலுள்ள ஐம்படையை நனைக்கின்றது. கட்டிய துகில் மறைக்கவேண்டியதை மறைக்கவில்லை. கள்ளுண்டானுக்கும் பித்தனுக்கும் இடையே வாய்நீர் வழியும் பிள்ளைகளை ஒருங்கு நிறுத்திய சாத்தனார்க்கு நகரம் என்பது யாது என்று நன்கு தெரிந்திருந்தது.

இனி, இவ்வாராய்ச்சியில் முதன்மையாகக் கருதத்தக்க சான்று சிலப்பதிகாரக் கனாத்திறம் உரைத்த காதையில் உள்ளது. தேவந்தியை அறிமுகப்படுத்தவே இளங்கோவடிகள் இக்கதையைக் கூறுகின்றார். ஆதலால் கற்பார் விரைந்து கடந்துவிடுவர். மாலதி என்பாள் தன் மாற்றாளின் குழந்தைக்குப் பால் அளித்தாள். பால் விக்கிக் குழந்தை சோர்ந்தது. கணவனாகிய பார்ப்பானும் அவன் மனைவியும் தன்மேல் அடாப்பழி கூறுவாரேயன்றி நடந்ததை ஏற்றுக்கொள்ளார் என்று ஏங்கி, குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் வெளியேறுகின்றாள். அமரர்தருக் கோட்டம், வெள்யானைக் கோட்டம், பலதேவன் கோட்டம், ஞாயிற்றின் கோட்டம், ஊர்க் கோட்டம், வேற் கோட்டம், வச்சிரக் கோட்டம், புறம்பணையான் கோட்டம், நிக்கந்தக் கோட்டம், நிலாக் கோட்டம் ஆகிய பத்திலும் புகுந்து, தன் துயரைத் தீர்க்குமாறு வேண்டுகின்றாள். யாண்டும் பயன் இல்லை. இறுதியிற் பாசண்டச் சாத்தன் கோயிலிற் பாடு கிடக்கின்றாள்.

புகாரின் சமயநிலையை ஆராய்வார் இப்பட்டியலை ஒரு பொக்கிசமாகக் கருதிப் பன்முறை எடுத்தாண்டுள்ளனர். எந்தக் கோட்டம் எத்தெய்வத்திற்கு உரியது என்று நெடிய வாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஆயின், இப்பட்டியல் ஒரு பெண்ணின் நடைவழி என்பது பெரிதும் நினைக்கப்படவில்லை. வேற் கோட்டத்திற்கும் நிக்கந்தக் கோட்டத்திற்கும் அவள் வேறுபாடு காணவில்லை. திறந்திருந்த கதவு எதுவோ அதுவே அவளுக்குப் புகல். பத்துக் கோட்டங்கள் நிறைந்த அப்பெருநகரில் அவள் ஏறாத படி ஒன்று உண்டென்றால், அது தன் வீட்டுப் படியே. மருத்துவனை நாடினாள் என்றோ அயல்மனையாரை அழைத்தாள் என்றோ ஒரு சொல்லும் இல்லை. குழந்தையின் சாவும் மாலதியின் அச்சமும் ஒரே மூச்சிற் கூறப்படுகின்றன. மாற்றாள் மகவைப் பேணும் பொறுப்பு ஒருத்திக்கு உண்டு. பிழை நேர்ந்தால் தன் சொல் நம்பப்படும் என்னும் உறுதி மட்டும் அவளுக்கு இல்லை. அகநானூற்றில் நீயும் தாயே என்று எளிதாக வழங்கப்பட்ட உறவின் மறுபக்கம் இது.

பின்னர் நிகழ்வன நம்பற்கரியன. இளம்பெண் வடிவில் வந்த இடாகினிப்பேய் பிணத்தைப் பறித்துச் சுடுகாட்டிற்குக் கொண்டுபோகின்றது. சாத்தன் தானே அக்குழந்தையாகிக் கிடக்க, மாலதி எடுத்துச் சென்று தாயின் கையிற் கொடுத்துவிடுகின்றாள். அவ்வாறு வளர்ந்தவன் கல்வி கற்றான். பெற்றோர் இறந்தபின் தாயத்தாரோடு வழக்குரைத்துப் பொருள் பெற்றான். தந்தைக்கும் தாயர்க்கும் கடன் கழித்தான். 'தாயர்' என்று பன்மையிற் கூறுதலை நோக்குக. தெய்வக் கதைக்குத் தாயவழக்கு எதற்கு என்று ஐயுறுவார் இருக்கலாம். ஆயின், ஒரு மனையில் ஆண்மகவு எதற்கெல்லாம் வேண்டப்பட்டது என்பதை அச்சிறு குறிப்பே தெரிவிக்கின்றது. மாலதி தெருத்தெருவாக ஏந்தித் திரிந்தது ஒரு குடும்பத்தின் உரிமைப் பொருளையும் கூடத்தான்.

அகழாய்வுகள் இவ்வகை வாழ்வை ஓரளவே தொடுகின்றன. 1960களிற் காவிரிப்பூம்பட்டினப் பகுதியில் நிகழ்ந்த அகழாய்வால் கீழையூர்ப் படகுத்துறையும் பல்லவனீச்சுரத்துப் புத்த விகாரமும் வெளிப்பட்டன. வீட்டின் உட்புறம் மிகுதியாகத் தெரியவரவில்லை. 2014ஆம் ஆண்டு தொடங்கிய கீழடி அகழாய்விற் சுடுமண் வட்டுச் சில்லுகளும், விளையாட்டுக் காய்களும், தாயக்கட்டைகளும் கிடைத்துள்ளன. கலித்தொகை 80ஆம் பாட்டில் முத்தும் பவளமும் பதித்து, கவளம் அறியாத யானையை இழுத்து வரும் சிறுவனைக் காண்கின்றோம். உடைந்த பானை ஓட்டைத் தேய்த்துச் சில்லாக்கிய பிள்ளைக்குப் பாட்டு இல்லை. பிறர் பிள்ளைக்குப் பாலூட்டிய செவிலியின் பிள்ளை அவ்வேளையில் எங்கே இருந்தது என்பதற்கும் நம் நூல்களில் ஓரடியும் இல்லை.

எஞ்சியது அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் நிகழ்ச்சி. கீரிப்பிள்ளை இறந்தமையால் மனைவியை வெறுத்து, அவளோடு வாழ்தல் தகாது என வடதிசை நோக்கிச் செல்லும் அந்தணன், வடமொழி வாசகம் எழுதிய ஓலையைக் கொடுத்து அகல்கின்றான். அவள் புகாரின் பெருங்குடி வாணிகர் மாடமறுகில் மனைதோறும் சென்று, தன் வினையைத் தீர்த்துப் பயன் கொள்வார் உளரோ என்று அழைக்கின்றாள். கோவலன் அவளை அழைத்துக் கேட்டு, வேண்டிய தானங்கள் செய்து, கானகம் சென்ற கணவனையும் மீட்டுக் கூட்டி, பொருளும் அளிக்கின்றான். பாம்பு தீண்டாமல் தொட்டிற் குழந்தையைக் கீரி காத்ததும், வாயிற் குருதியோடு வந்த அதனைத் தாய் ஐயுற்றுக் கொன்றதும் பஞ்சதந்திரக் கதையைத் தழுவி உரைகாரர் விரித்தவை. மூலத்தில் ஓலை உண்டு, தெரு உண்டு, தானம் உண்டு. குழந்தையைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை.